உயிரோடு இருந்தால் போதுமா?

நம் பல்கலைக்கழகங்களில் மூலிகை ஆய்வுக்குப் பஞ்சமில்லை. துங்கட் அலி, மிசாய் கூச்சிங், கச்சிப் பாத்திமா, நிலவேம்பு, கீழாநெல்லி என்று ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்கள் எதையாவது ஒன்றைச் சாறெடுத்துக் கல்லீரல் உயிரணுக்களின் மேல் ஊற்றிப் பார்க்கிறார்கள். இரண்டு நாள் கழித்து மஞ்சள் நிறச் சாயம் ஒன்றைச் சேர்க்கிறார்கள். எம்.டி.டி. சோதனை என்று அதற்குப் பெயர். சாயம் ஊதாவாக மாறினால் உயிரணு உயிரோடு இருக்கிறது என்று பொருள். ஊதா நன்றாக ஏறியிருந்தால் ஆய்வேட்டின் முடிவுரையில் ஒரு வரி வந்துவிடும்: இச்சாறு கல்லீரலுக்குத் தீங்கற்றது. அந்த வரி ஆய்வேட்டோடு நின்றுவிட்டால் கவலையில்லை. அது கருத்தரங்கச் சுவரொட்டியாகி, நாளிதழ்ச் செய்தியாகி, கடைசியில் ஒரு புட்டியின் மேல் ஒட்டிய தாளில் 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று வந்து நிற்கிறது. அந்தப் புட்டியை வாங்குபவர்களில் நம் அம்மாவும் பாட்டியும் இருக்கிறார்கள்.

அந்த ஒரு வரியோடுதான் எனக்கு வழக்கு. மூலிகை நல்லதா கெட்டதா என்பது இங்கே என் பேச்சு அன்று. உயிரணு உயிரோடு இருக்கிறது என்று காட்டுவது ஒன்று. அது கல்லீரலின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று காட்டுவது வேறொன்று. முதலாவதை அளந்துவிட்டு இரண்டாவதையும் அளந்தது போல எழுதிவிடுகிறோம். வளர்ப்புத் தட்டில் கிடக்கும் கல்லீரல் உயிரணு, உயிரை இழப்பதற்கு வெகு முன்பே தன் தொழிலை இழந்துவிடுகிறது. உயிரியல் துறையில் இது புதிய செய்தியே இல்லை. நாற்பது ஐம்பது ஆண்டுகளாக ஆய்வாளர்கள் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிற துறை மாணவர்களும் இம்மலரைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் அடியிலிருந்தே சொல்கிறேன்.

நாம் விழுங்கும் மருந்து குடலிலிருந்து இரத்தத்தில் கலந்ததும் முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரல். மருந்துகளில் பல எண்ணெய்த்தன்மை கொண்டவை. எளிதில் சிறுநீரில் வெளியேறா. அவற்றை நீரில் கரையும்படி மாற்றி அனுப்புவது கல்லீரலின் பொறுப்பு. அந்த வேலையைச் செய்பவை நொதிகள். (நொதி என்ற சொல்லை நம்மில் சிலர் வலிந்து செய்த மொழிபெயர்ப்பு என்று நினைக்கிறார்கள். மாவு புளிப்பதை நொதித்தல் என்கிறோமே, அதிலிருந்து வந்த சொல். என்சைம் என்ற சொல்லுக்கும் கிரேக்க மொழியில் புளிப்புக்குள் இருப்பது என்றுதான் பொருள். இரண்டும் ஒரே சட்டியில் பிறந்தவை.) இந்த நொதிகளில் தலையாயது சைட்டோகுரோம் பி-450 என்னும் குடும்பம். கார்பன் மோனாக்சைடு சேர்ந்த நிலையில் 450 நானோமீட்டர் ஒளியை மிகுதியாக உறிஞ்சும் நிறமி என்பதால் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒமுராவும் சாத்தோவும் 1962இல் அந்தப் பெயரை வைத்தார்கள். மனிதரிடம் இக்குடும்பத்துக்கு 57 மரபணுக்கள் உண்டு. அவற்றுள் 3ஏ4 என்று எண்ணிடப்பட்ட ஒரு நொதியே இன்று புழக்கத்திலுள்ள மருந்துகளில் பெரும்பங்கைக் கையாளுகிறது.

இந்த நொதிகள் நஞ்சை முறிப்பவை மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். சில நேரம் நஞ்சை உண்டாக்குவதும் இவையே. பெனடோல் மாத்திரையில் உள்ள பாராசிட்டமாலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி சர்க்கரை அமிலத்தோடும் சல்பேட்டோடும் இணைந்து வம்பில்லாமல் வெளியேறிவிடும். ஒரு சிறுபகுதியை 2இ1 என்ற பி-450 நொதி கடுமையான வேதிப்பொருளாக மாற்றிவிடுகிறது. குளூட்டாதியோன் கையிருப்பு உள்ளவரை கல்லீரல் அதைச் சமாளிக்கும். அளவுக்கு மீறி விழுங்கியவருக்குக் கையிருப்பு தீர்ந்துபோகும். கல்லீரல் கருகத் தொடங்கும். அதுவும் கல்லீரல் முழுவதும் ஒரே சீராகக் கருகுவதில்லை. இந்த நொதிகள் செறிந்திருக்கும் நடுச்சிரையைச் சுற்றித்தான் முதலில் கருகும்.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றையே சொல்லலாம். 1988 அக்டோபரில், ஒன்பது பேரரசர் திருவிழாக் காலத்தில், பேராக் மாநிலத்தில் லோ ஷீ பன் என்னும் அரிசி மாவு நூடல்ஸ் சாப்பிட்ட சீனச் சிறுவர்கள் 13 பேர் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். போரிக் அமிலம் பற்றியும் அப்போது பேசப்பட்டது. 1995இல் வெளியான மருத்துவ ஆய்வுக் கட்டுரை கடுமையான அஃப்லாடாக்சின் நச்சையே காரணமாகக் காட்டியது. அஃப்லாடாக்சின் என்பது தானியத்திலும் கடலையிலும் பிடிக்கும் ஒருவகைப் பூசணத்தின் நஞ்சு. அதன் பி1 வகை கல்லீரலுக்குள் நுழையும்போதே கொல்லும் வடிவில் இருப்பதில்லை. 1ஏ2, 3ஏ4 ஆகிய நொதிகள் அதன்மேல் ஆக்சிஜனை ஏற்றிய பிறகே அது டி.என்.ஏ.வையும் புரதங்களையும் பற்றிக்கொள்ளும் கொடிய பொருளாகிறது. அப்படியானால் அந்த நொதிகள் இல்லாத உயிரணுவின் மேல் இதே நஞ்சை ஊற்றினால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சாயம் அழகாக ஊதா நிறம் காட்டும். 13 பிள்ளைகளைக் கொன்ற நஞ்சுக்கும் 'தீங்கற்றது' என்று சான்றிதழ் கிடைத்துவிடும்.

இந்த ஆபத்தைப் புரிந்துகொள்ள நமக்கு அரை நூற்றாண்டு அவகாசம் இருந்திருக்கிறது. ஒரு பொருள் மரபணுவில் பிறழ்வை உண்டாக்குமா என்று பாக்டீரியாவில் சோதிக்கும் முறையை புரூஸ் ஏம்ஸ் வகுத்தபோது, பாக்டீரியாவுக்கு நம் கல்லீரலின் நொதிகள் கிடையாது என்பதை அவர் மறக்கவில்லை. 1973இல் அவர் குழு வெளியிட்ட முறையில், எலியின் கல்லீரலை அரைத்தெடுத்த சாற்றையும் பாக்டீரியாவோடு சேர்த்தார்கள். அந்தச் சாறு இல்லாமல் ஏம்ஸ் சோதனை செய்தேன் என்று இன்று ஒரு மாணவர் சொன்னால் மேற்பார்வையாளர் ஆய்வேட்டைத் திருப்பித் தந்துவிடுவார். ஆனால் கல்லீரல் உயிரணு என்று பெயர் ஒட்டிய குப்பியைப் பார்த்தவுடன் அதே மேற்பார்வையாளர் கேள்வி கேட்பதில்லை. பெயரில் கல்லீரல் இருக்கிறதே!

நம் ஆய்வுக்கூடங்களில் அதிகம் புழங்கும் உயிரணு ஹெப் ஜி2. 15 வயதுச் சிறுவன் ஒருவனின் கல்லீரல் கட்டியிலிருந்து பெறப்பட்டு, 1979இல் ஆய்வுலகுக்கு அறிமுகமானது. விலை மலிவு, வேகமாகப் பெருகும், கவனக்குறைவான மாணவரையும் பொறுத்துக்கொள்ளும். குறை ஒன்றே: புற்றுநோய் உயிரணு ஆகையால் பெருகுவதிலேயே குறியாக இருக்கும், பி-450 நொதிகள் அதில் மிகக் குறைவு. உடலிலிருந்து எடுத்த இயல்பான கல்லீரல் உயிரணுவோடு ஒப்பிட்டால் 3ஏ4 ஏறத்தாழ இல்லை என்றே சொல்லிவிடலாம். 

சரி, அப்படியானால் இயல்பான கல்லீரலிலிருந்தே உயிரணுவைப் பிரித்தெடுத்தால் தீர்ந்ததா? இங்கேதான் கதையின் சுவையான பகுதி தொடங்குகிறது.

கல்லீரல் உயிரணுக்கள் உடலுக்குள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்பவை. ஒவ்வொன்றும் பல பக்கங்கள் கொண்டது. ஒரு பக்கம் இரத்த நுண்குழாயைப் பார்க்கும். இன்னொரு பக்கம் அடுத்த உயிரணுவோடு சேர்ந்து பித்தம் ஓடும் மெல்லிய வாய்க்காலை அமைக்கும். சுற்றிலும் கொலாஜன் முதலான புரதங்களால் ஆன மெல்லிய வலை. இந்த அமைப்பிலிருந்து உயிரணுவைத் தனியே எடுக்க வேண்டுமென்றால் கொலாஜனேஸ் என்ற நொதிக்கரைசலை இரத்தக்குழாய் வழியே செலுத்தி வலையைக் கரைக்க வேண்டும். 1969இல் பெர்ரி, பிரெண்ட் என்ற இருவர் இந்த முறையை வெற்றிகரமாகச் செய்து காட்டினார்கள். ஒரே எலியின் கல்லீரலிலிருந்து கோடிக்கணக்கான உயிரணுக்கள் கிடைத்தன. எல்லாம் உயிரோடுதான் இருந்தன. தட்டில் ஒட்டவும் செய்தன. ஆனால் எலி உயிரணுக்களில் முதல் 24 மணி நேரத்திலேயே பி-450 நொதிகளின் மொத்த அளவு ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. இரண்டு மூன்று நாளில் எஞ்சியது சொற்பம். மனித உயிரணுக்கள் சற்றுக் கூடுதலாகத் தாக்குப் பிடிக்கும். அவற்றின் போக்கும் அதுவே.

ஏன் இப்படி? காரணம் ஒன்றன்று. கொலாஜனேஸ் கரைக்கும்போதே உயிரணுவுக்குள் அபாய மணிகள் அடிக்கத் தொடங்கிவிடுகின்றன; அழற்சி நேரத்தில் எழும் சமிக்ஞைகள் எழுகின்றன. அவ்வேளையில் கல்லீரல் பி-450 உற்பத்தியைக் குறைத்துக்கொள்வது இயல்பு. நொதியின் நடுவிலுள்ள ஹீம் என்ற இரும்புப் பகுதியைச் சிதைக்கும் வேலையும் முடுக்கிவிடப்படுகிறது. அண்டை உயிரணுவின் தொடுகை போய்விட்டது; வலை போய்விட்டது; இரத்தம் சுமந்துவரும் ஹார்மோன்கள் இல்லை. கல்லீரல் மரபணுக்களைத் திறந்து வைத்திருக்கும் எச்.என்.எப்.4 ஆல்பா போன்ற கட்டுப்பாட்டுப் புரதங்கள் குறைகின்றன. கெட்டியான பிளாஸ்டிக் தட்டில் உயிரணு அப்பளம்போல் பரந்து தட்டையாகிறது. அது சாகவில்லை. தான் யார் என்பதை மறந்துவிடுகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர் திசைக்கொன்றாகப் பிரிந்த கதை நம் தாத்தாக்களுக்குத் தெரியும். போன குடும்பங்கள் எங்கேயோ பிழைத்துக்கொண்டன. காமன் கூத்து ஆட ஆள் சேரவில்லை.

தொடக்கத்தில் ஆய்வாளர்கள் இதை ஊட்டச்சத்துக் குறைபாடு போலவே பார்த்தார்கள். வளர்ப்பு ஊடகத்தில் எதைச் சேர்த்தால் நொதி தங்கும் என்று தேடினார்கள். நிக்கோடினமைடு சேர்த்தார்கள், மெட்டிராபோன் சேர்த்தார்கள், டெக்சாமெத்தசோன் சேர்த்தார்கள், இரண்டு விழுக்காடு டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானைச் சேர்த்தார்கள். ஒவ்வொன்றும் ஓரளவு உதவியது. பீனோபார்பிட்டால் சேர்த்தால் சில நொதிகள் விர்ரென்று ஏறின. இங்கே ஒரு மயக்கம் உண்டு. இன்றும் பலர் அதில் விழுகிறார்கள். பீனோபார்பிட்டால் ஏற்றுவது அதற்குக் கட்டுப்பட்ட நொதிகளை மட்டுமே. மற்றவை சரிந்தபடியே கிடக்கும். மொத்த அளவு பழைய எண்ணைத் தொட்டுவிட்டது என்று மகிழ்வது, நாதஸ்வரக்காரர் வராத கச்சேரியில் தவிலை இரட்டிப்பாக அடித்துவிட்டு ஓசை சரியாக இருக்கிறது என்று சொல்வதற்கு ஒப்பாகும். பாராசிட்டமால் எடுத்துக்காட்டில் பார்த்தோமே, நஞ்சாக்கும் நொதியும் நஞ்சை முறிக்கும் குளூட்டாதியோனும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. விகிதம் குலைந்த உயிரணு, உள்ளதைக் கூட்டியும் சொல்லும், குறைத்தும் சொல்லும்.

உண்மையான முன்னேற்றம், உயிரணுவுக்கு அதன் சூழலைத் திருப்பிக் கொடுக்க முனைந்தபோதே வந்தது. 1983இல் பிரான்சில் குகன்-கிய்யுசோ அம்மையாரின் குழு, வளர்ந்த எலியின் கல்லீரல் உயிரணுக்களை எலிக் கல்லீரலின் வேறுவகை உயிரணுக்களோடு சேர்த்து வளர்த்தது. துணை கிடைத்ததும் அவை நாள்கணக்கைத் தாண்டி வாரக்கணக்கில் தம் புரதங்களைச் சுரந்தன. 1989இல் அமெரிக்காவில் டன், யார்முஷ் ஆகியோர் இன்னும் எளிய வழி ஒன்றைக் காட்டினார்கள். உயிரணுக்களை ஒரு கொலாஜன் படலத்தின்மேல் ஒட்டவைத்து, மறுநாள் இன்னொரு படலத்தால் மேலே மூடினார்கள். சாண்ட்விச் வளர்ப்பு என்று இதற்குப் பெயர். ரொட்டிக்கு நடுவே வைத்த முட்டைபோல இருந்த அந்த உயிரணுக்கள் தட்டையாகவில்லை. பல பக்க வடிவம் திரும்பியது. இடையே பித்த வாய்க்கால்கள் தோன்றின. எல்லா நொதிகளும் முழு அளவில் நிலைத்தன என்று சொல்ல முடியாது. வெறும் தட்டோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஹான்ரி யூ தலைமையிலான குழு, கொலாஜனுக்குப் பதிலாகச் செயற்கைப் படலங்களைக் கொண்டு இதே சாண்ட்விச்சை அமைத்து 2008இல் வெளியிட்டது. நம் அண்டை வீட்டிலேயே நடந்த வேலை. நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே 2008இல் சல்மான் கேதானியும் சங்கீதா பாட்டியாவும் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மனித உயிரணுக்களைச் சின்னஞ்சிறு வட்டத் தீவுகளாக அமைத்து, சுற்றிலும் எலியின் இணைப்புத்திசு உயிரணுக்களை நிரப்பி, பல வாரங்கள் நொதிகளை உயிர்ப்போடு காத்துக் காட்டினார்கள். தன் இனத்தாரோடு எவ்வளவு தொடுகை, அயலாரோடு எவ்வளவு தொடுகை என்பதைக்கூட அளந்து அமைத்தது அவர்கள் தனித்திறம். 2016இல் சுவீடனின் கரோலின்ஸ்கா கழகத்தில் தட்டையான தளத்தையே விட்டொழித்தார்கள். ஒட்டாத குழிகளில் மனித உயிரணுக்களை இட்டு, அவை தாமே உருண்டு திரண்டு சிறு கோளங்களாகும்படி விட்டார்கள். ஐந்து வாரங்கள் அவை கல்லீரல் இயல்போடு இருந்தன. 2019இல் பீக்கிங் பல்கலைக்கழகக் குழு ஐந்து சிறு வேதிப்பொருள்களின் கலவையாலேயே மனித உயிரணுக்களை நெடுநாள் காத்தது. ஆக, சேர்க்கைப்பொருள் தேடியவர்களும் முற்றிலும் வீண்வேலை பார்க்கவில்லை. எந்தச் சமிக்ஞையை அடக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள நாளானது, அவ்வளவே.

2022இல் இத்துறைக்கு இரண்டு செய்திகள் வந்தன. நுண்குழாய்கள் வழியே திரவம் ஓடும் கல்லீரல் சில்லு 870ஐக் கொண்டு 27 மருந்துகளைச் சோதித்த முடிவுகள் வெளியாயின. கல்லீரலைக் கெடுப்பவை என்று மனிதரிடம் தெரியவந்த மருந்துகளில் 87 விழுக்காட்டை அவை இனம் கண்டன. நல்ல மருந்து எதையும் கெட்டது என்று பழி சொல்லவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா, புது மருந்துகளுக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற சட்ட விதியைத் தளர்த்தியது. இனி உயிரணுவின் வாக்குமூலத்துக்கு மதிப்பு கூடும். அதனாலேயே, வாக்குமூலம் தருவது கல்லீரலா, கல்லீரலின் பெயரைத் தாங்கிய வேறொன்றா என்று கேட்கும் அவசியமும் கூடுகிறது.

இவ்வளவும் பணக்கார நாடுகளின் விளையாட்டு, நம் மாணவருக்கு ஏது இந்த வசதி என்று ஒரு மறுப்பு வரும். அதில் பாதி நியாயம் உண்டு. உறைநிலையில் வரும் மனித கல்லீரல் உயிரணுக்கள் ஒரு குப்பி ஆயிரக்கணக்கான ரிங்கிட் பிடிக்கும். திரவ நைட்ரஜன் குளிரிலேயே விமானம் ஏறி வர வேண்டும். ஓர் இறுதியாண்டு ஆய்வுக்கு எந்தத் துறையும் அதை வாங்கித் தராது. ஆனால் சாண்ட்விச் வளர்ப்புக்குத் தேவையான கொலாஜன், எலிவாலிலிருந்து எடுக்கக்கூடியது. ஒட்டாத குழித்தட்டு எந்த விற்பனையாளரிடமும் கிடைக்கும். ஹெப்பா ஆர்ஜி என்ற உயிரணு வகை 2002இல் பிரெஞ்சு ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது. பொறுமையாக நான்கு வாரம் வளர்த்தால் 3ஏ4 உட்படப் பல நொதிகள் அதில் நல்ல அளவில் தோன்றும். அதுவும் முடியாது என்றால் ஏம்ஸ் காட்டிய பழைய வழி இருக்கவே இருக்கிறது: கல்லீரல் சாற்றை ஹெப் ஜி2 உயிரணுவோடு சேர்த்துச் சோதிக்கலாம். அதற்கும் வழியில்லை என்றால், நொதியை அளக்கவில்லை என்று நேர்மையாக எழுதலாம். அதற்கு ஒரு சென் செலவில்லை.

எலியின் உயிரணுவைப் பயன்படுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. காசநோய் மருந்தான ரிபாம்பிசின் மனிதக் கல்லீரலில் 3ஏ4 நொதியைப் பன்மடங்கு தூண்டும். எலியில் அப்படித் தூண்டாது. இரண்டின் உணர்விப் புரதங்களும் வேறு. எலியில் நொதி அப்படியே இருக்கிறது என்பதால் மனிதருக்கும் அப்படியே என்று தாவ முடியாது.

இதெல்லாம் ஆய்வுக்கூடத்துக்குள் முடங்கும் விவாதம் என்று நான் கருதவில்லை. 2019 தேசிய உடல்நல ஆய்வில், நம் நாட்டு இந்திய வம்சாவளிப் பெரியவர்களிடையே நீரிழிவு விகிதம் மற்ற இனங்களைவிட அதிகமாக இருந்தது. நீரிழிவு உள்ளவருக்குப் பெரும்பாலும் கொழுப்புக்கு ஒரு மாத்திரை, இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை என்று சேர்ந்துவிடும். சிம்வாஸ்டாட்டின், அம்லோடிபின் இரண்டையும் உடைப்பது 3ஏ4. அதே வீட்டில் கல்லீரலுக்கு நல்லது என்று கீழாநெல்லியும் அரைக்கப்படும். கீழாநெல்லிக்கு நம் மரபில் உள்ள மதிப்பு சிறிதன்று. 1988இல் சென்னை ஆய்வாளர் தியாகராஜன் குழுவினரின் ஆய்வு, மஞ்சள் காமாலை பி வகைக் கிருமிக்கு அது பயன்படக்கூடும் என்று லான்செட் இதழிலேயே வெளிவந்தது. பின்னர் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. நான் சொல்ல வருவது வேறு. கீழாநெல்லியிலுள்ள சில பொருள்கள் 3ஏ4 நொதியைத் தடுப்பதாகச் சோதனைக்குழாய் ஆய்வுகள் காட்டியுள்ளன. மிளகிலுள்ள பைப்பரினும் அப்படியே. ஈப்போவுக்குப் போனால் வாங்கிவரும் பம்பளிமாசிலும் இந்த நொதியைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. மிளகு ரசத்துக்கு யாரும் அஞ்ச வேண்டாம்! நாள்தோறும் செறிவூட்டிய மாத்திரையாக விழுங்குவதே கேள்விக்குரியது. 3ஏ4 தடைபட்டால் சிம்வாஸ்டாட்டின் இரத்தத்தில் தேங்கும். தேங்கினால் தசை சிதையும். இந்தத் தடை எந்த அளவில் நேரும் என்பதை, 3ஏ4 இல்லாத உயிரணுவில் சோதித்தால் என்ன தெரியும்? பூட்டே இல்லாத கதவில் சாவியைச் சோதிப்பது போன்றது.

நம் நாட்டில் பதிவு பெற்ற பாரம்பரிய மருந்துப் புட்டிகளில் 'மால்' என்று தொடங்கி 'டி' என்று முடியும் எண் இருக்கும். ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களும் கிருமிகளும் வரம்புக்குள் உள்ளனவா என்று பார்த்துத்தான் பதிவு கிடைக்கிறது. அது தேவையான வேலை. மருந்தோடு சேரும்போது என்ன நடக்கும் என்ற கேள்விக்கு அந்த எண்ணில் விடை தேடக் கூடாது. விடை நம் ஆய்வுக்கூடங்களிலிருந்தே வர வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அந்த விலையுயர்ந்த குப்பிகளில் வருபவை யாருடைய உயிரணுக்கள்? மாற்று அறுவைக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்ட, பெரும்பாலும் வட அமெரிக்கக் கொடையாளர்களின் கல்லீரல்கள். நொதிகளோ இனத்துக்கு இனம், ஆளுக்கு ஆள் மாறுபவை. 2சி19 என்ற நொதி செயல்படாதவர்கள் ஐரோப்பியரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர். கிழக்காசியரில் பதினைந்து வரை. புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், தமிழரிடையேயும் அந்த நொதியின் செயலிழந்த வடிவம் ஐரோப்பியரைவிடக் கணிசமாகக் கூடுதலாகவே காணப்பட்டது. இதயக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்குக் கொடுக்கும் குளோப்பிடோகிரல் மருந்து, 2சி19 மாற்றிக் கொடுத்தால்தான் வேலை செய்யும். நொதிகளைத் தட்டில் எவ்வளவு திறமையாகக் காத்தாலும், காக்கப்படுவது நம்முடைய நொதி இல்லையென்றால் நம் கேள்விக்கு அரைகுறை விடையே கிடைக்கும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கல்லீரல் கட்டியை அகற்றும் அறுவையில், கட்டியோடு அதைச் சுற்றியுள்ள நல்ல திசுவும் கொஞ்சம் வெட்டியெடுக்கப்படுகிறது. நோயியல் சோதனைக்குப் போக எஞ்சுவது குப்பைக்குப் போகிறது. நோயாளியின் ஒப்புதலோடும் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும் அதைப் பெற்று, மலாய்க்காரர், சீனர், இந்தியர், ஓராங் அஸ்லி, சபா சரவாக் மக்கள் எல்லாரிடமிருந்தும் வந்த உயிரணுக்களை உறையவைத்துப் பல்கலைக்கழகங்கள் பகிர்ந்துகொள்ளும் வங்கியாக நடத்தலாம். ஒவ்வொரு துறையும் தனித்தனியே வெளிநாட்டுக் குப்பிக்குக் காசு கேட்டு மனுப்போடுவதைவிட இது மலிவாகவே முடியும். நம்மவர் உறுப்புக்கொடை என்றாலே தயங்குவார்கள். உயிரோடு இருக்கும்போது, எப்படியும் வெட்டியெடுக்கப்படும் துண்டு அது என்பதைத் தமிழில் உட்கார்ந்து விளக்க ஒருவர் இருந்தால் தயக்கம் பாதி குறையும். மருத்துவம் படிக்கும் நம் பேரவை உறுப்பினர்கள் அந்த ஒருவராக இருக்கலாம்.

வங்கி வரும்போது வரட்டும். இந்த ஆண்டே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கல்லீரல் உயிரணுவில் மூலிகைச் சாற்றைச் சோதிக்கும் இளவல்களும் தங்கைகளும், தங்கள் ஆய்வேட்டு அட்டவணையில் உயிர்ப்பு விகிதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிரலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: சாறு ஊற்றிய நாளன்று அந்தத் தட்டில் 3ஏ4, 1ஏ2 நொதிகள் எவ்வளவு வேலை செய்தன? மிடாசோலாம் கொடுத்து 3ஏ4ஐ அளக்கலாம். பெனாசெட்டின் கொடுத்தால் 1ஏ2 அதைப் பாராசிட்டமாலாக மாற்றுவதை அளக்கலாம். கூடவே ஒரு தட்டில் அஃப்லாடாக்சின் பி1 ஊற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாத உயிரணு என்றால் உங்கள் சாற்றைப் பற்றி அதனிடம் கேட்டுப் பயனில்லை. நிரல் வெறுமையாக இருந்தால், முடிவுரையில் 'தீங்கற்றது' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'இவ்வகை உயிரணுவில், 48 மணி நேரத்தில், இறப்பு காணப்படவில்லை' என்று எழுதுங்கள்.